கனகம் அக்கா மட்டும் ஆடினார்

வீட்டுக்காரக் கனகம் அக்கா கையில் தோசைக் கரண்டியோடு மொட்டை மாடியில் ஆடிக்கொண்டிருந்தார். கார்முகிலின் நண்பர்கள் ஐந்து பேரோ சுவரோரம் வரிசையாக நின்று, பரீட்சை ஹாலில் இருப்பவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு முடிந்தது. "எப்படிடா கீது?" என்றான் கார்முகில்.

"சூப்பரா கீது மச்சான். ஆனா இன்னான்னே தெரியல, தோள்பட்டை வலிக்குது" என்றான் ஹேமந்த்.

"ஆடினாதான்டா வலிக்கணும். நின்னதுக்கே வலிக்குதா?" என்று கேட்டாள் ஜாஸ்மின்.

கார்முகில் வல்லம் வடகாலில் கார் சீட் செய்யும் கம்பெனியில், ஓடும் பெல்ட்டில் வரும் சீட்டுகளைப் பூட்டும் லைன் வேலை பார்த்தான். அந்த ஐந்து பேரும் அதே லைன்காரர்கள்தான். ஜாஸ்மினுக்குப் படப்பையில் மருந்துக்கடை வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு. இரண்டு பேரும் சேர்ந்து வாடகை ரூமையே ஸ்டூடியோ ஆக்கி, மேடையில் நின்றபடியே தாளம் கட்டி வாசிப்பதற்குப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

முதல் மேடையும் கிடைத்துவிட்டது. லைன் நண்பன் புருஷோத்தமனின் ரிசப்ஷன், வல்லக்கோட்டை மண்டபத்தில். ஆனால் சவுண்ட் செட் நரசிம்மன் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"ஒரு பாட்டுதான் டைம் தருவேன். ஜனம் ஆடலேன்னா என் பென்டிரைவைச் சொருகிடுவேன். அப்புறம் இந்த ஏரியாவுல உங்களை எவனும் மேடையேத்த மாட்டான்."

அதனால்தான் மாடியில் இந்த வெள்ளோட்டம். எத்தனை முறை வாசித்தாலும் அக்கா ஆடினார், பையன்கள் ஆடவில்லை. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

"அக்கா ஆடறதைக் கணக்குல சேர்க்காதே. அது அவங்க குக்கர்" என்றாள் ஜாஸ்மின்.

உண்மைதான். அக்காவின் குக்கர் ஆவி விடும் சத்தத்தை போனில் பிடித்து, லேப்டாப்பில் முன்னும் பின்னும் நறுக்கி, நடுவில் ஒரு 'ஸ்ஸ்' மட்டும் எடுத்திருந்தார்கள். டிபன் பாக்ஸ் மூடியிலிருந்து ஒரு 'டக்'. இவற்றை ரப்பர் கட்டைகள் பதித்த ஒரு சின்னப் பெட்டியில் ஏற்றிவிட்டால், கட்டைக்கு ஒரு சத்தம். ஒரு தரம் வாசித்துக் காட்டினால் போதும், பெட்டி அதையே திருப்பித் திருப்பி வாசிக்கும்; அதன் மேல் அடுத்த சத்தத்தை அடுக்கலாம்.

வேகத்தைச் சொல்லவும் அதில் ஒரு பொத்தான் உண்டு. மனசுக்குப் பிடித்த வேகத்தில் அதைத் தட்டினால், ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பெட்டி அளந்து, அதையே தாளமாகப் பிடித்துக்கொள்ளும்.

"ஸ்பீடு எப்படி வெச்சே?" என்று கார்முகிலைக் கேட்டாள் ஜாஸ்மின்.

"கண்ணை மூடிக்கினு தட்டினேன். விரல் தானா ஒரு ஸ்பீடு பிடிச்சுது. அதான்."

"ஸ்பீடுல ஒண்ணும் தப்பில்ல. பேஸ்தான் பத்தல, நெஞ்சு அதிரணும்" என்று ஜாஸ்மின் தீர்ப்புச் சொன்னாள். பீரோ உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் வாடகைக்கு வந்தது. அதைப் போட்டதில் அக்கா வீட்டு ஜன்னல்கூட ஆடியது, பையன்கள் ஆடவில்லை.

ரிசப்ஷன் மாலை. 'ஸ்ஸ்-டக், ஸ்ஸ்-டக்' என்று தாளம் ஏறியது. ஜாஸ்மின் கீபோர்டில் அதன் மேல் ஒரு மெட்டைத் தவழவிட்டாள். பெண் வீட்டுச் சனம் உடனே களத்தில் குதித்தது. பெண்ணின் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

மாப்பிள்ளை பக்கம் மொத்த லைனும் வந்திருந்தது. ஒருவனும் அசையவில்லை. பேச்சு நின்றது, ஐஸ்கிரீம் கப்பு அந்தரத்தில் நின்றது, எல்லா முகமும் இறுகியது.

நரசிம்மன் சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தார். "தம்பி, கடைசி கடைசியா கேக்கறேன். ஒயரைக் கழட்டட்டா?"

"அண்ணே, ஒரே நிமிஷம்ணே!"

கார்முகில் கூட்டத்தைப் பார்த்தான். ஹேமந்தின் வலது கை மெல்ல மேலே போனது, எதையோ பிடித்து இழுத்தது, இடுப்பருகே கொண்டுவந்து அழுத்தியது, விட்டது. பக்கத்தில் நின்றவனும் அப்படியே. பின்வரிசையும் அப்படியே. மேடையில் மாலையும் கழுத்துமாக நின்ற புருஷோத்தமன்கூட, மணப்பெண் முறைப்பதைக் கவனிக்காமல், தாளம் தப்பாமல் அதையே செய்துகொண்டிருந்தான்.

கார்முகில் தன்னையே பார்த்துக்கொண்டான். அவனுடைய வலது கையும் மேலே போயிருந்தது.

அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தாளத்தை நிறுத்தினான். ஜாஸ்மினின் கீபோர்டுக்குத் தாவி, மேல் கோடியில் ஒரே கட்டையை அமுக்கிப் பிடித்தான். 'பீ...ங்' என்று மண்டபம் முழுக்க ஒற்றைச் சத்தம்.

"ஓ...!" என்று மாப்பிள்ளை பக்கம் கூரை அதிரக் கத்தியது. ஐஸ்கிரீம் கப்புகள் நாற்காலிகளில் இறங்கின. நாற்பது பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு களத்துக்குள் பாய, புருஷோத்தமன் மாலையோடு மேடையிலிருந்து குதித்தான். கார்முகில் மறுபடி தாளத்தைத் தட்டிவிட்டான். மண்டபம் குலுங்கியது.

நரசிம்மன் பென்டிரைவைப் பையில் போட்டார். அவர் தலையும் ஆடிக்கொண்டிருந்தது.

ஜாஸ்மின் கார்முகிலின் காதருகே கத்தினாள்: "இன்னா பண்ணே நீ? ஸ்பீடை ஏத்தினியா?"

"இல்ல, அதே ஸ்பீடுதான்!"

"பேஸை ஏத்தினியா?"

"எதையும் தொடல!"

"பின்னே எப்படிப்பா ஆடறாங்க?"

"என் விரல் எங்க லைன் ஸ்பீடைத்தான் தட்டியிருக்கு ஜாஸ்மின்! இவ்ளோ நேரம் எல்லாரும் மேல தொங்கற ஸ்குரூ கன்னைப் பிடிச்சு இழுத்துகினு டூட்டி பாத்தானுங்க. அதான் டீ பிரேக் மணி அடிச்சேன்!"