மீன் விடாத தொட்டி

ஆஸ்கர் மீன் வளர்க்கப் பெரிய தொட்டி வாங்கினேன்.

"கண்டபடி அசிங்கம் பண்ற மீன் சார். ரெண்டு ஃபில்டர் போடுங்க. ஒரு மாசம் மீன் விடாம வெறும் தண்ணி ஓடட்டும்" என்றார் கடைக்காரர்.

ஓட விட்டேன். முதல் வாரமே ஃபில்டர் பஞ்சைப் பிழிந்தால் மீன் கழிவாக வந்தது. மட்டமாகப் பரப்பிய மணலில் ஒரு பள்ளம். மூடினேன். மறுநாள் அதே இடத்தில் பள்ளம்.

"மணலை நோண்டினியா?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

"ஏன், எனக்கு வேற வேலை இல்லையா?"

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாதம் முடிந்த அன்றே கையகல ஆஸ்கர் ஒன்றை வாங்கி வந்து தொட்டியில் விட்டேன். அது நேராக மூலைக்குப் போய்க் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. மூன்று நாளாகியும் நகரவில்லை, தீனியைத் தொடவில்லை.

"புது இடம், அதான்" என்றேன்.

"அதில்லைங்க." மனைவி தீனி டப்பாவை வாங்கி, தொட்டியின் காலியான பக்கத்தில் நான்கு உருண்டைகளைப் போட்டாள். அவை மெல்ல இறங்கி, பாதி ஆழத்தில் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

டப்பாவை என்னிடம் நீட்டினாள்.

"இப்ப நம்ம மீனுக்குப் போடுங்க. சாப்பிடும்."

சாப்பிட்டது.