கலங்கலில் அடைத்த மண்

"கலங்கல்ல அடைச்ச மண்ண எடுக்கச் சொல்லுங்க, ஓவர்சியரய்யா!" வேலை போய்விடும், இதை மட்டும் கேட்காதே என்று சுரங்கக் கூலியான அப்பா சொல்லியனுப்பியதைத்தான் முதலில் கேட்கிறேன். தங்கக்கல் இடிக்கும் ஆலைக்குத் தண்ணீர் சேர்க்க, ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கல் கற்களுக்கு நடுவே வைக்கோலும் களிமண்ணும் திணித்திருக்கிறார்கள். மழை ஆபீஸ் தகரக் கூரையில் கொட்டுகிறது. ஏரி மண்கரையின் விளிம்பை நக்குகிறது. நேற்றுவரை கரையடியில் தெளிவாகக் கசிந்த நீரை இன்று செம்பில் பிடித்து அவர் மேசைமேல் வைக்கிறேன். செம்மண்ணாகக் கலங்கியிருக்கிறது. கரை உள்ளுக்குள் அரிபடுகிறது. கீழே எங்கள் கூலி லைனில் நூறு குடிசைகள். ஓவர்சியர் துரைக்கண்ணு செம்பைப் பார்க்காமல் வெற்றிலைக் காம்பைக் கிள்ளுகிறார். "இன்னாம்மா, பி.ஏ. படிச்சா ஏரிக்கே உத்தரவு போடுவியா? மேனேஜர் துரை கையெழுத்து இல்லாம ஒரு பிடி மண்ணு எடுக்க முடியாது. திங்கக்கெழமை வா." "அதுவரைக்கும் கரை உங்க துரைக்காகக் காத்துனு நிக்குமா?" வாசலில் நனைந்தபடி நிற்கும் எங்கள் லைன் லூயிசா சிரித்துவிடுகிறாள். அவளோடு லைன் பெண்கள் எட்டுப் பேர், கையில் கடப்பாரையும் மண்வெட்டியும். "உங்கப்பன் வேலை இன்னியோட சரி!" துரைக்கண்ணு கத்துகிறார். "எழுதிக்கோங்க. மண்ண எடுத்தது யாருன்னு கேட்டா, என் பேரையும் எழுதுங்க." புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மழைக்குள் இறங்குகிறேன். லூயிசா ஒரு கடப்பாரையை என் கையில் தருகிறாள்.