தரையில் விழாத நூல்

ஆரணியில் கந்தசாமியின் தறிக்கூடத்தைக் கூட்ட வந்த காத்தாயி, துடைப்பத்தோடு வாசலிலேயே நிற்கிறாள். பத்து வருடமாக அவளுக்குச் சம்பளம் கிடையாது. அதற்குப் பதில், தரையில் விழும் பட்டுநூல் துண்டுகளை எடுத்து விற்றுக்கொள்வாள். இன்று தரையில் ஒன்றுமில்லை. கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கிய வெயில் வெறும் சிமெண்ட்டில் கிடக்கிறது. தறிக்கொரு துணிப்பை புதிதாகத் தொங்குகிறது. தறிச்சத்தம் நிற்கவில்லை. "மெட்ராஸ்லேர்ந்து வந்த ஆபீசரு சொன்னாரும்மா. அறுந்த நூல சேத்து அனுப்புனா, மறுபடியும் நூத்துத் தருவாங்களாம். இனிமே ஒண்ணும் வீணாவாது," என்கிறார் கந்தசாமி. "நல்லதுங்க," என்கிறாள். குனிந்து, சுத்தமான தரையை மூலைவரை கூட்டுகிறாள். கால்விரல் இடுக்கில் ஒரு சிவப்பு நூல் ஒட்டியிருக்கிறது. எடுத்து வெளிச்சத்தில் பார்க்கிறாள். பக்கத்துத் தறியின் பைக்குள் போடுகிறாள்.