வங்கி வாசலில் தேத்தண்ணி

லண்டன் இல்ஃபோர்ட்டில் திவாலாகிப்போன அந்தச் சின்ன வங்கியைக் கலைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், செத்தவீட்டுக்குப் போவதுபோல் பிளாஸ்க்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு புறப்பட்டார் தயாபரன். மச்சான் வாகீசனின் சேமிப்பு முழுவதும் அங்கேதான் இருந்தது.

பூட்டிய வாசலில் நீண்ட வரிசை. அதில் நின்ற மச்சானுக்குத் தயாபரன் ஒரு கப் ஊற்றிக் கொடுத்தார்.

“ஆறமுதல் குடி. வெள்ளைக்காரன்ரை வங்கியை நம்பாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்? என்ரை காசெல்லாம் எங்கடை சனத்தின்ரை சீட்டிலை. கடைசிச் சீட்டு எனக்குத்தான். கழிவில்லாமல் முழுக்காசும் நாளைக்குக் கைக்கு வருது.”

“ஓம் மச்சான்,” என்றார் வாகீசன்.

ஆறுதல் சொல்லும் உற்சாகத்தில் தயாபரன் வரிசை நெடுக ஊற்றிக்கொண்டே போனார். முன்னால் ஒரு பெண் கதவில் தலையைச் சாய்த்து அழுதுகொண்டிருந்தார்.

“அழாதேங்கோ அக்கா. தேத்தண்ணி குடியுங்கோ.”

அவர் திரும்பினார். சீட்டுப் பிடிக்கிற பவளமக்கா.

“வீட்டிலை வைச்சால் கள்ளர் பயம், தம்பி. உங்கடை சீட்டுக்காசை நேற்றுத்தான் இஞ்சை கொண்டுவந்து போட்டனான்.”

பின்னால் வந்த வாகீசன் பிளாஸ்க்கை மெதுவாக வாங்கி, ஒரு கப் ஊற்றி நீட்டினார்.

“ஆறமுதல் குடி, மச்சான்.”