இரண்டாம் பாகம் வரும்வரை

தனக்குப் பிடித்த வீடியோ கேமின் இரண்டாம் பாகம் வெளியானால் மட்டுமே திறக்கும், ஆளை உறையவைத்துத் தூங்கவைக்கும் உறைதூக்கப் பெட்டியில் தமயந்தியின் கணவர் குணாளன் போய்ப் படுத்தபோது, மகள் கைக்குழந்தை. இப்போது அவளுக்குக் கல்யாணம். தமயந்தி கேம் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

“பொண்ணைத் தாரை வார்க்க அவர் வேணும் சார். கேமை எப்பத்தான் விடுவீங்க?”

“அது ரெடியாகி வருஷக்கணக்காச்சும்மா. வாங்குறவங்க எல்லாரும் பெட்டிக்குள்ள படுத்திருக்காங்களே. அவங்க எந்திரிச்சதும் விட்டுருவோம்.”

தமயந்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

முகூர்த்தத்தன்று பெட்டியையே மண்டபத்துக்குத் தூக்கி வந்தார்கள். பழக்க தோஷத்தில் யாரோ அதன்மேல் மாலை போட, தமயந்தி பிடுங்கி எறிந்தாள். பெண்ணின் சித்தப்பாதான் தாரை வார்த்தார்.

தாலி கட்டி முடித்த மாப்பிள்ளை, பெட்டியின் கண்ணாடி வழியே மாமனாரை வெகுநேரம் பார்த்துவிட்டுப் பணிவாகக் கேட்டான்.

“அத்தை, வீட்டுல இவருக்குப் பக்கத்துல இன்னொரு பெட்டி வைக்க இடம் இருக்குமா?”