197

பழுது பார்க்க வந்த கோபிசங்கர் மூன்றாவது நாளாகவும் ஐஸ் ஆலையின் பழைய கணினி முன் தலையில் கை வைத்தபடி இருந்தான். வெளியே ஐஸ் இல்லாமல் படகுகளில் மீன் நாறிக்கொண்டிருந்தது.

ஆலையை ஓட்டுவது பேசிக் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு நிரல். குளிரை அளக்க அது அசெம்பிளி என்ற இயந்திர மொழியில் எழுதிய ஒரு துண்டைக் கூப்பிடும். வெறும் எண்களாலான அந்தத் துண்டுக்குள் போனால், நிரல் திரும்பி வருவதேயில்லை. திரை அப்படியே உறைந்துவிடுகிறது.

"முப்பது வருசமா ஓடினது தம்பி. ஆற்றையோ கண் பட்டிட்டுது," என்று கணினிக்குக் கற்பூரம் காட்டினார் முதலாளி முருகேசு.

எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்த கோபிசங்கர் துள்ளி எழுந்தான்.

"அண்ணை, பிடிச்சிட்டன்! பேசிக் நிரல் வைச்சிருக்கிற கணக்கைப் பத்திரமா எடுத்து வைக்கச் சொல்லுற எண் 197. கடைசியிலை அதைத் திருப்பிக் குடுக்கிற எண் இருக்கு, தொடக்கத்திலை 197ஐக் காணேல்லை. 198 எண்டு கிடக்கு. அதாலைதான் திரும்பி வர வழி தெரியாமல் நிக்குது. ஆரோ மாத்தியிருக்கினம்!"

"ஆரோ இல்லை, நான்தான்." முருகேசு குரலைத் தாழ்த்தினார். "போன கிழமை எண் சாத்திரக்காரர் வந்து பார்த்தவர். ஒண்டு, ஒன்பது, ஏழு. கூட்டினா பதினேழு, அதையும் கூட்டினா எட்டு, சனியின்ரை எண். ஆலைக்குப் பாதுகாப்பா இருக்கட்டும் எண்டு ஒன்பது வாற மாதிரி மாத்தினனான்."

கோபிசங்கர் 197ஐத் திரும்பப் போட விசைப்பலகையில் கை வைத்தான். முருகேசு அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அந்த எண்ணை மட்டும் தொடாதையும் தம்பி. வேறை எங்கை பிழையெண்டு வடிவாப் பாரும்."