வீட்டுக்கு ஒரு நிறம்

ஏணியின் உச்சியில் நின்ற எலக்ட்ரீஷியன் பந்தலின் கடைசிக் கயிற்றை இழுத்துக் கட்டியதும் தெரு வேறு ஏதோ ஆகிவிட்டது.

அதுவரை வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்த வெயில், துணிக்குள் புகுந்து மஞ்சளாகவும் நீலமாகவும் ஆரஞ்சாகவும் தரையில் இறங்கியது. ஒரு வெள்ளைப் பூனை மஞ்சளாக நடந்து வந்து நீலமாகப் படுத்துக்கொண்டது.

அம்மா தெருமுனையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோடை முடிவதற்குள் தெருவுக்கு நிழல் வேண்டும் என்று ஆறு வாரமாக எல்லோரும் சேர்ந்து தைத்த பந்தல். கார்மென்ட்ஸ் கம்பெனியில் மிஞ்சிய துணி, சாயம் சரியில்லை என்று ஒதுக்கிய சுருள், வீடுகளில் கிழிந்த திரைச்சீலை, பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன யூனிஃபார்ம். குப்பை வண்டி ஏற வேண்டியதெல்லாம் தெருச் சங்கக் கட்டடத்தின் பின்னறையில் வந்து குவிந்தது. முப்பது வருஷம் அதே கம்பெனியில் துணி வெட்டியவள் அம்மா. அதனால் இங்கும் அவள் வைத்ததுதான் சட்டம். தெருவே அவளைக் கட்டிங் அக்கா என்றுதான் கூப்பிடும்.

துண்டுகளைக் கலந்து, பூப்பூவாகத் தைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை.

அம்மா விடவில்லை. வீட்டுக்கு ஒரு நிறம். மஞ்சள் என்றால் அந்த வாசலுக்கு மேல் முழுக்க மஞ்சள். பக்கத்தில் வருவது அதோடு கொஞ்சமும் ஒட்டாத நிறமாக இருக்க வேண்டும்.

"இது பந்தலா அக்கா, பெயிண்ட் கடை அட்டையா?" என்று எதிர்வீட்டு டீச்சர் கேட்டிருக்கிறாள். அம்மா காரணம் எதுவும் சொல்லவில்லையாம். கோபித்துக்கொண்டு இரண்டு பேர் ஊசியை வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் அவர்களே வந்து விட்ட இடத்திலிருந்து தைத்தார்கள்.

நான் பந்தல் பார்க்க வரவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வந்தேன். அப்பா போனதிலிருந்து நான்கு வருஷமாக ஒரே பேச்சு. இந்த முறை வீட்டைப் பூட்டிச் சாவியோடுதான் கிளம்புவது என்ற முடிவோடு பஸ் ஏறியிருந்தேன்.

நேற்று நான் கேட்டைத் திறந்தபோது அம்மா வாசலில்தான் இருந்தாள். என் பக்கம் திரும்பினாள். சிரிக்கவில்லை. "எப்படிம்மா இருக்கே?" என்று நான் வாயைத் திறந்த பிறகுதான் அவள் முகம் மலர்ந்தது. எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்துகொண்டு முறுக்கிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் பேச்சை எடுத்தேன். பந்தலின் ஓரத்தை விரலால் தடவித் தடவி மடித்துக்கொண்டிருந்தவள், "இந்தத் தெருவை விட்டு நான் எங்கயும் வரல. இந்தா, நூல் கோத்துக் குடு" என்று ஊசியை நீட்டினாள்.

பிடிவாதக்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே கோத்துக் கொடுத்தேன்.

இப்போது அவள் நடக்கத் தொடங்கினாள். சுவரோரமாக அல்ல, நடுத்தெருவில்.

நரைத்த தலை மஞ்சளாயிற்று. பிறகு நீலம். புடவையின் நிறம் எதுவென்றே தெரியவில்லை. தண்ணீருக்கு அடியில் யாரோ நிதானமாக நடந்துபோவதுபோல இருந்தது. மேலே துணி காற்றில் உப்பித் தணிந்தபோது தெரு முழுவதும் ஒருமுறை மூச்சு வாங்கியது.

அவள் வீடுகளைப் பார்க்கவில்லை. கை தட்டிய டீச்சரையும் பார்க்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. வேண்டுதலோ என்னவோ என்று பக்கத்தில் போனேன்.

மஞ்சள். நீலம். ஆரஞ்சு. பச்சை.

சிவப்பில் நின்றாள். வலப்பக்கம் திரும்பி ஆறடி வைத்துக் கையை நீட்டினாள். கை நேராக எங்கள் வீட்டுக் கேட்டின் தாழ்ப்பாள்மேல் விழுந்தது.

அம்மா சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பாண்டி ஆட்டத்தில் கோட்டை மிதிக்காமல் கரையேறிய சிறுமியின் சிரிப்பு.

நேற்று நான் பேசும்வரை அவள் சிரிக்காதது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

"எத்தனை நாளாம்மா?"

குரல் வந்த திசைக்குத் திரும்பினாள். "வருஷம் ஒண்ணாச்சு. எழுத்து, முகமெல்லாம் போயிடுச்சுடி. இனிமே திரும்பாதாம். பெரிய பெரிய நிறம் மட்டும் இன்னும் ரொம்ப நாளைக்குத் தெரியும்னு டாக்டர் சொன்னாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா கையோட கூட்டிட்டுப் போயிடுவியே."

அதற்காகத்தானே வந்திருந்தேன். எதிரே நின்ற நான் அவளுக்கு இப்போது வெறும் சிவப்பு. அந்தச் சிவப்பைப் பார்த்து, கண்ணைச் சுருக்காமல், பொறுமையாக நின்றாள்.

நான் தெருவைத் திரும்பிப் பார்த்தேன். பந்தல் முனையோடு முடிந்துவிட்டது. அங்கிருந்து மருந்துக்கடை வரைக்கும், அதைத் தாண்டி பஸ் நிறுத்தம் வரைக்கும், நிறமே இல்லாத வெயில்.

எலக்ட்ரீஷியன் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். நான் வேகமாக அவரிடம் போனேன்.

"அண்ணே, பின்னறையில இன்னும் துணி மிச்சம் இருக்கா?"